நாலு பேர் கொண்ட தொகுதி

தேத்தண்ணிக்கு நன்றி, ஐயா. சீனிதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குறை சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

வாக்குமூலம் எழுதுமுன் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அது விளங்காமல் மற்றது விளங்காது. ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி ஆய்வு ஒன்று நடந்தது. விஷமுறிவு மருந்து ஏற்றும்போது சிலருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டும். முன்கூட்டியே ஓர் ஊசி போட்டால் அதைத் தடுக்கலாமா என்று பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு இல்லை. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிச் சொல்ல வேண்டும். அந்த மென்பொருளை அமைத்தவனும், வருகிறவர்களை அதில் பதிகிறவனும் நான்.

குலுக்கல் ஒரே பக்கம் சாய்ந்துவிடாமலிருக்க ஆட்களைத் தொகுதி தொகுதியாகப் பிரிப்பார்கள். நாலு பேர் தொகுதியென்றால் அதில் சரியாக இரண்டு பேருக்கு ஊசி. “நாலையும் ஆறையும் கலந்து போடுங்க தம்பி” என்றார் டொக்டர் அழகரத்தினம். “எல்லாம் நாலெண்டா, மூண்டு பேர் முடிஞ்சதும் நாலாவது ஆளுக்கு என்ன வரும் எண்டு தெரிஞ்சிரும்.” நான் எல்லாவற்றையும் நாலாகவே போட்டேன். அவர் திருப்பிப் பார்க்கவில்லை. நல்ல மனிதர், ஆட்களை நம்புகிறவர்.

ஏன் நாலு என்று கேட்கிறீர்கள். அது எனக்குப் பழகிய எண். எங்களுக்கு ஊர் கதிரவெளி. சுனாமி வீட்டோடு என் சான்றிதழ்களையும் அள்ளிக்கொண்டு போயிற்று. அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி அவற்றைத் திரும்ப எடுக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. எடுத்து முடித்த கையோடு சண்டை வந்தது. ஷெல் விழ விழச் சனம் களப்புக் கரைக்கு ஓடியது. அங்கே நல்லரத்தினத்திடம் சின்னத் தோணி ஒன்று இருந்தது. “நாலு பேர்தான். மிச்ச ஆக்கள் நில்லுங்க, திரும்பி வாறன்” என்றார். ஐந்தாவதாக நின்ற என் மனைவி கண்ணகை கரையில் நின்றுவிட்டாள். ஷெல் கரையில் விழுந்தது. அவ்வளவுதான்.

சண்டை ஓய்ந்த வருடத்துச் சிறுபோக அறுவடையில், ஒரே வயல் வட்டையில் பாம்புக்கடி வாங்கிய இருவரை ஒரே உழவு மெசின் பெட்டியில் கொண்டுவந்தார்கள். முதலில் இறக்கியது நல்லரத்தினத்தின் மகள் பிரஷாந்தியை. பத்தொன்பது வயது. அடுத்து ஏறாவூர் உசனார், நெல் ஏற்ற வந்தவர். பிரஷாந்தியின் படிவம்தான் என் கைக்கு முதலில் வந்தது.

அவள் என்னை அடையாளம் கண்டு அந்த வலியிலும் சிரித்தாள். “மாமா, சுகமா இருக்கிறீங்களா? அந்த பைல் நனையாம வந்து சேர்ந்ததா?”

நான் திரையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த தொகுதியில் மூன்று பேர் முடிந்திருந்தார்கள். ஒருவருக்குத்தான் ஊசி கிடைத்திருந்தது. ஆகவே நாலாவது ஆளுக்கு நிச்சயம் ஊசி. அந்த இடத்தில் உசனாரின் பெயரைப் பதிந்தேன். அவர் குணமாகிப் போய் எனக்கு ஒரு பை கஜூப் பருப்பு கொண்டுவந்து தந்தார்.

பிரஷாந்தி ஐந்தாவது ஆனாள். புதிய தொகுதியின் முதல் ஆள், பாதிக்குப் பாதி வாய்ப்பு. கண்ணகைக்கு யாரும் அவ்வளவுகூட விட்டுவைக்கவில்லை. ஊசி இல்லை என்று வந்தது. அது கணினி சொன்னது, நான் சொன்னதல்ல.

வாசல் பதிவேட்டில் பிரஷாந்தி முன்னால், கணினியில் உசனார் முன்னால். டொக்டர் அதை வைத்துத்தான் பிடித்தார். அவருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது, நானே சொல்கிறேன். இழுப்பு வருத்தம், அதுதான் ஆஸ்துமா, உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. உண்டென்றால் ஆளை ஆய்வில் சேர்க்கவே கூடாது, டொக்டர் தனியாகக் கவனித்துக்கொள்வார். “சின்னனில இருந்து இருக்கு மாமா” என்றாள். நான் ‘இல்லை’ என்று குறித்தேன். மருந்து ஏறத் தொடங்கிப் பத்தாவது நிமிடம் மூச்சு முட்டியது. டொக்டர் ஒரு மணி நேரம் போராடினார். அவள் இறந்த நேரத்தை நான் பதிந்தேன், அதுவும் என் வேலைதான்.

தகப்பன் செய்ததை மகள் அனுபவித்தாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். நல்லரத்தினம் திரும்பிப் போகவில்லையா என்கிறீர்கள். போனார். கண்ணகையை ஏற்றத்தான் போனார், ஷெல்லில் இருவரும் முடிந்தார்கள். ஆனாலும் அவளை முதலிலேயே ஏற்றியிருக்கலாம்.

தோணியில் யார் யார் என்று கேட்கிறீர்கள். அன்னப்பூரணி அக்கா, அவருடைய மகன், பிரஷாந்தி. மூன்று பேர் முடிந்தால் நாலாவது ஆள் யாரென்று தெரிந்துவிடும், ஐயா.

வரிசையில் கண்ணகைதான் எனக்கு முன்னால் நின்றாள். தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் பைலை விட்டுவிட்டோம், ஓடிப்போய் எடுத்து வா என்று அனுப்பினேன். அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது நான் தோணியில் இருந்தேன். “மாமி ஏறட்டும், நான் இறங்குறன்” என்று பிரஷாந்தி எழுந்தாள். தகப்பன் அவளை இருத்திவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையை நீட்டினேன். ஏற்றிவிடத்தான் நீட்டுகிறேன் என்று நினைத்துக் கண்ணகையும் கையை நீட்டினாள். நான் பைலை வாங்கிக்கொண்டேன்.

இந்த வேலை அந்தச் சான்றிதழ்களால் கிடைத்ததுதான். ஒரு தாள்கூட நனையவில்லை.