தண்ணீர் கட்டாத பாத்தி

வாடின செடியைப் பார்த்துவிட்டு வந்தால் எனக்குச் சோறு இறங்காது. பெருமைக்குச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். விதை கம்பெனியின் ஆள் அருண்குமாரை மூன்று நாளாக ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவன் கொடுத்த விதைதான் குடும்பத்தைக் கெடுத்தது என்று என் தம்பி மனைவி பானுமதி அவன் மேல் புகார் கொடுத்துவிட்டாள். பாவம், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

என் பெயர் ராஜாமணி. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பி குப்புராஜுக்கு நாலு ஏக்கர், எல்லாம் மானாவாரி. பாகம் பிரித்தபோது கிணறு என் பக்கம் விழுந்தது. சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தோம். அதில் நான் ஒன்றும் செய்யவில்லை.

போன வருடம் ஆடியில் அருண்குமார் புதுப் பருத்தி விதையோடு வந்தான். மரபணு மாற்றிய விதை. காய்ப்புழுவைக் கொல்லும் சத்தைச் செடியே தன் உடம்பில் உண்டாக்கிக்கொள்ளும். அரை ஏக்கரில் நட்டு, ஒரு பாத்திக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், இன்னொரு பாத்தியைக் காயப்போட வேண்டும் என்றான்.

"தண்ணி பத்தலைன்னா செடியில அந்தச் சத்து கொறைஞ்சு போவுதான்னு பாக்கணுங்ண்ணா. அதுக்குத்தான் இந்தச் சோதனையே. வாடுனாலும் வுட்டுடுங்க, தொடாதீங்க."

தொடாதே என்று ஒரு விவசாயியிடம் யாராவது சொல்வார்களா? படித்த பிள்ளைகள் சொல்வார்கள். வியாழக்கிழமைதோறும் வந்து செடிக்குச் செடி புழுவை எண்ணிக்கொண்டு போவான்.

இரண்டு மாதத்துக்கு மேல் பொறுத்தேன். காயப்போட்ட பாத்தியில் மதியத்துக்கு முன்பே இலைகள் துவண்டு தொங்கின. ஒரு காயைப் பிளந்து பார்த்தேன். உள்ளே புழு, கொழுகொழுவென்று உயிரோடு இருந்தது. தண்ணீர் பாய்ந்த பாத்தியில் தேடித்தேடிப் பார்த்தும் ஒன்றுகூட இல்லை. அருண்குமார் தேடிக்கொண்டிருந்த பதில் எனக்கு அன்றைக்கே கிடைத்துவிட்டது.

அன்றே பைப்பை அந்தப் பக்கம் திருப்பினேன். பரிதாபத்தில்தான். வெள்ளிக்கிழமை பாய்ச்சினால் அடுத்த வியாழனுக்குள் மேல்மண் காய்ந்துவிடும். பிறகு புதன்கிழமைகளில், ஓட்டை விழுந்த காய்களை எல்லாம் பறித்து அடுப்பில் போட்டேன். அதற்கும் பரிதாபம் என்றுதான் எனக்குள் பெயர் வைத்திருந்தேன். குப்புராஜ் அந்த வருடம் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். வரப்பில் நின்று பார்க்க ஆள் இல்லை.

தை மாதம் வயல்விழா வைத்தார்கள். காயப்போட்டதாகச் சொன்ன பாத்தியில் பருத்தி வெள்ளை வெளேரென்று வெடித்திருந்தது. சந்தைக்குப் போகிற வழியில் என் படம் போட்ட போர்டு நின்றது. அதுவரை என்னை யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது.

விழாவுக்குக் குப்புராஜும் வந்திருந்தான். கூட்டத்தில் நின்றபடியே கேட்டான்.

"மெய்யாலுமே தண்ணி கட்டலியாண்ணா?"

"மழைத்தண்ணி தவுர ஒரு சொட்டு இல்லடா."

தனியாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நான் நம்புகிறேன்.

இந்த ஆடியில் ஓசூர் வேலையை விட்டுவிட்டு வந்து நாலு ஏக்கரிலும் அதே விதையைப் போட்டான். என் போர்டைப் பார்த்து ஊரில் இன்னும் முப்பது வீட்டார் போட்டார்கள். ஆவணியோடு மழை நின்றுபோனது. ஐப்பசியில் குப்புராஜ் ஒரு கை நிறையக் காய்களைக் கொண்டுவந்து என் முன்னால் ஒவ்வொன்றாக உடைத்தான். எல்லாவற்றிலும் புழு.

"உன் காட்டுல வராத புழு என் காட்டுல மட்டும் எப்படிண்ணா வருது? இதுவும் போச்சுன்னா புள்ளைங்கள இட்டுக்கிட்டு நான் எங்க போவேன்?"

அழுதான், ஐயா. நாற்பது வயது ஆள். அன்று சொல்லியிருந்தால் பருத்தியைப் பிடுங்கிவிட்டுக் கொள்ளு விதைத்திருப்பான். பனி ஈரத்துக்கே கொள்ளு வந்துவிடும். ஆனால் அந்த முப்பது வீட்டுக்காரர்களும் என் வாசலில் வந்து நிற்பது போல எனக்குத் தெரிந்தது.

"மருந்தடிடா, நின்னுடும்" என்றேன்.

நான்தான் கலக்கிக் கொடுத்தேன். இரண்டு விதப் புழுமருந்தை ஒரே டேங்கில், பாட்டிலில் போட்டிருந்த அளவுக்கு இரண்டு மடங்காக ஊற்றினேன். மூன்று நாள் உச்சிவெயிலில், சட்டையில்லாமல், மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தான். முதல் நாளே தலை சுற்றுகிறது என்றான். மோர் குடிக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் வரப்பில் விழுந்து கிடந்தான். வாயில் எச்சில் ஒழுகியது. கண்ணில் கருமணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. மோட்டாரைப் போட்டுச் சோப்புத் தேய்த்து அவனைக் குளிப்பாட்டினேன். வேறு வேட்டி கட்டிவிட்டேன். ஓடிவந்த பானுமதி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மருந்து உடம்பில் ஊறக் கூடாது என்று குளிப்பாட்டுவதாக நினைத்தாள். வாடை போக வேண்டும் என்றுதான் செய்தேன்.

"தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாம் மாமா" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் மருந்துக் கேஸ் என்று போலீசுக்கு எழுதுவார்கள். புழு வராத பருத்திக்கு எதற்குப் புழுமருந்து என்று நீங்கள் கேட்பீர்கள். "அவ்வளவு தூரம் தாங்க மாட்டாம்மா, நீ வூட்ல புள்ளைங்களப் பாரு" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டாக்டர் சாயங்காலம்தான் வருவார் என்பது எனக்குத் தெரியும். இருந்தது நிர்மலா என்கிற நர்ஸ் பெண் மட்டும்.

"மருந்து கிருந்து அடிச்சாருங்களா?"

"இல்லீங்கம்மா. களை வெட்டுனான். வெயிலு தாங்கல."

குளுக்கோஸ் ஏற்றினாள். மருந்து பாட்டில் என் கைப்பையில் இருந்தது. காட்டில் கிடந்தால் யாராவது பார்ப்பார்கள் என்று எடுத்து வைத்திருந்தேன். விஷம் ஏறினால் என்ன ஊசி போட வேண்டும் என்று அதன் லேபிளில் அச்சிட்டிருக்கிறது. கலக்கும்போதே படித்திருந்தேன்.

அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் தீரவில்லை. மறுபடியும் வந்து கேட்டாள். குப்புராஜுக்கு நினைவு இருந்தது, நாக்குதான் எழவில்லை. கையை மெல்லத் தூக்கி என் பையை நோக்கி விரலை நீட்டினான்.

"என்னமோ காட்டுறாருங்களே?" என்றாள்.

"என் கையத் தேடுறாம்மா" என்று சொல்லி, அந்த விரலை மடக்கி என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மூன்று மணி நேரமும் நான் அவன் கையை விடவே இல்லை, ஐயா. பானுமதியிடம் அதை மட்டுமாவது சொல்லுங்கள்.