தேறியவருக்கான அறை

மாத்திரைப் பெட்டி நிரப்புவது எனக்குப் பிடித்த வேலை, மேடம். ஞாயிறு மதியம் எல்லாரும் டிவி முன்னால் இருக்கும்போது, பன்னிரண்டு பேருடைய பெட்டிகளையும் மேசையில் பரப்பிவிடுவேன். ஒவ்வொன்றிலும் பதினாலு குழி. காலைக்கு மஞ்சள் மூடி, இரவுக்கு நீல மூடி. ஒன்பது வருடத்தில் ஒரு மாத்திரைகூடக் கைதவறி இடம் மாறியதில்லை.

நீங்கள் விசாரிக்க வந்தது மடிப்பு மாஸ்டரைப் பற்றி. முதலில் எங்கள் இல்லம் எப்படி இயங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் என் சிக்கல் புரியாது. எங்களிடம் வருபவர்களுக்கு ஒரு வியாதி மட்டும் இருக்காது. மாஸ்டருக்கு வலிப்பு, சர்க்கரை, அதோடு மனசு இருண்டுபோய்ப் படுத்தே கிடக்கும் நாட்கள். நாங்கள் அறை கொடுப்போம், மருந்து கொடுப்போம், வேலையும் தேடிக் கொடுப்போம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதிப்பீட்டாளர் வந்து மதிப்பெண் போடுவார். எவ்வளவு உதவி தேவையோ அவ்வளவு மதிப்பெண். தொடர்ந்து இரண்டு முறை நாற்பதுக்குக் கீழே வந்தால், ஆள் தேறிவிட்டார் என்று பொருள். அறையைக் காலி செய்து வெளியே தனி வீட்டுக்குப் போகவேண்டும். பட்டியலில் காத்திருக்கும் அடுத்தவர் உள்ளே வருவார்.

மாஸ்டரை ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் நான்தான் சேர்த்துவிட்டேன். படுக்கை விரிப்பை ஒரே உதறலில் நான்கு முனையும் ஒட்ட மடிப்பார். பெயர் அப்படி வந்ததுதான். வேலைக்குப் போன பிறகு பதினோரு மாதம் வலிப்பே வரவில்லை. இப்போது பாருங்கள். அறை இருந்ததால் வேலைக்குப் போக முடிந்தது. வேலை இருந்ததால் உடம்பு தேறியது. உடம்பு தேறியதால் அறை போகப்போகிறது. தேறிய ஒருவரைத் தேறாதவர்களுக்கான வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது? வாரக்கணக்கில் யோசித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

அவருக்கும் பயம்தான். "அக்கா, அவங்க குடுக்கிற வீடு நாலாவது மாடி. அங்க நான் விழுந்து கெடந்தா கதவை யாரு தட்டுவா?"

"மதிப்பீட்டுக்கு வர்றவர்கிட்ட, அப்பப்போ முடியலன்னு சொல்லுங்க. கை நடுங்குதுன்னு சொல்லுங்க."

"சொல்லிர்றேன்க்கா."

மதிப்பீட்டாளர் வந்து உட்கார்ந்ததும் மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எனக்கென்ன சார், குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்." போதாததற்கு மேசை விரிப்பை உருவி மடித்தும் காட்டினார். முப்பத்தாறு மதிப்பெண்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"நல்லா இருக்கிறத எப்படிக்கா இல்லன்னு சொல்றது? இப்பத்தானே வந்திருக்கு."

அடுத்த மதிப்பீட்டில் பொய்க்கு வேலை இருக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் நாற்காலியிலிருந்து சரிந்தார். மதிப்பீட்டாளரே தன் கோட்டைச் சுருட்டி அவர் தலைக்குக் கீழே வைத்தார். அறுபத்தொன்று. அறை தங்கியது, வேலை போயிற்று. சலவைக்கூடத்து சூப்பர்வைசர் நல்ல மனிதர். "சூடான ரோலர் பக்கத்துல இவரை நிக்க வைக்க முடியாதும்மா. ஆறு மாசம் வலிப்பில்லாம இருக்கட்டும், நானே கூப்பிடுறேன்" என்றார்.

அந்த ஆறு மாதமும் மாஸ்டர் இல்லத்திலேயே இருந்தார். எல்லார் துணியையும் மடித்தார். காலையில் ஒவ்வொரு கதவாகத் தட்டி எழுப்பினார். மருந்துக்கு அடம்பிடிப்பவர்களிடம், "நானே முழுங்குறேன், நீ என்ன பெரிய மகாராஜாவா?" என்று கேலி பேசியே விழுங்க வைத்தார். கணக்குப் பார்த்தால் என் வேலையில் பாதியை அவர்தான் செய்தார். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நா கூசியது.

மூன்றாவது மதிப்பீடு ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு, நான் பெட்டிகளைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் வந்து நின்றார்.

"அக்கா, நான் போயிர்றேன். தங்கச்சி அவ தெருவுலயே ஒரு வீடு பாத்துட்டா. கீழ்வீடு. சலவைக்கும் அடுத்த வாரம் வரச்சொல்லிட்டாங்க."

"பயமா இல்லையா?"

"உங்க திட்டு இல்லாம எப்படிப் பொழுது போகும்னுதான் பயம்." சிரித்தார். "இந்த வாரப் பெட்டிய மட்டும் நீங்களே ரொப்பிக் குடுங்க. உங்க கை ராசியான கை."

அவரை வைத்துக்கொள்ள நான் சொல்லிவந்த காரணம் அந்த நிமிடத்தோடு தீர்ந்துபோனது. அவருக்குக் கீழ்வீடு இருந்தது, கதவைத் தட்ட ஆள் இருந்தது. எனக்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை. பட்டியலில் அடுத்திருந்தவரின் கோப்பை அன்று காலைதான் படித்து முடித்திருந்தேன். அடிக்கக் கை நீட்டுகிறவர், மூன்று இல்லங்களில் வைத்துக்கொள்ள முடியாமல் அனுப்பப்பட்டவர். "சரி, நீங்க போய் டிவி பாருங்க" என்று மாஸ்டரிடம் சொன்னேன்.

புதன்கிழமை மறுபடி வலிப்பு வந்தது; இம்முறை அது நிற்க நாற்பது நிமிடம் ஆயிற்று. வலது கை திரும்பி வரவில்லை. பேச்சில் பாதி போய்விட்டது. மதிப்பெண் எண்பத்தெட்டு. இனி அந்த அறையை யாரும் அவரிடமிருந்து வாங்க முடியாது. அவர் தங்கை என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா எங்கண்ணன் கதி என்னங்க?" என்று அழுதாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மாத்திரையோடு போனால் மாஸ்டர் வாயைத் திறக்கிறார். என்ன மாத்திரை என்று பார்ப்பதுகூட இல்லை.

ரத்தத்தில் வலிப்பு மருந்தே இல்லையே, பெட்டி ஒழுங்காகக் காலியாகியிருக்கிறதே என்று டாக்டர் குழம்புவதாகச் சொன்னீர்கள். குழம்ப ஒன்றுமில்லை, மேடம். மதிப்பீடு நடந்த வாரத்தில், ஞாயிறு இரவிலிருந்து புதன் காலை வரைக்குமான ஆறு குழிகளில் அவருடைய வலிப்பு மாத்திரையை எடுத்துவிட்டு, அதே அளவில் இருந்த வெள்ளைச் சத்து மாத்திரையை வைத்தேன். நாற்காலியிலிருந்து சரிந்த முதல் முறையும் நான்தான். அவர் போகிறேன் என்று சொன்ன பிறகும் நான்தான்.