புதிய 24-105 ஜூம் லென்ஸ்: முதல் அனுபவம்

ஒரு லென்ஸைப் பற்றி முதல் நாளே அபிப்பிராயம் சொல்வது நியாயமில்லை. குறைந்தது ஒரு மாதமாவது அதோடு புழங்க வேண்டும். எனக்கு இனி அந்த ஒரு மாதம் கிடைக்கப் போவதில்லை, மேடம். அதனால் கையில் இருந்த இரண்டு நாளை வைத்தே சொல்லிவிடுகிறேன். லென்ஸ் பிரமாதம்.

நீங்கள் கேட்டது என் சகலையைப் பற்றி, தெரியும். என் மனைவியின் அக்கா கணவர். போன ஞாயிற்றுக்கிழமை காலை என் ஸ்டுடியோ மொட்டைமாடியிலிருந்து மூன்று மாடி உயரம் விழுந்து இறந்துபோனவர். அவரிடம்தான் வருகிறேன். ஆனால் லென்ஸைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. உங்கள் போலீஸ் அறிக்கையிலேயே லென்ஸைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அது தவறான வரி. அதைத் திருத்தத்தான் வந்தேன். யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பார்சல் வந்தது. கடையில் கூட்டமில்லை. என் தொழில் பாஸ்போர்ட் போட்டோ. வெள்ளைத் திரை, ஸ்டூல், 'சிரிக்காதீங்க, காதைக் காட்டுங்க' என்று நாளைக்கு நாற்பது தடவை சொல்வது, அவ்வளவுதான். குடும்பத்தில் என்னைப் 'பாஸ்போர்ட்டு' என்றே கூப்பிடுவார்கள். 'போட்டோக்காரர்' என்றால் அது சகலை. அவர் பள்ளிக்கூடங்களில் குரூப் போட்டோ எடுப்பவர். அறுபது பிள்ளைகளை மூன்று வரிசையில் நிற்கவைத்து, ஒருவர்கூடக் கண்ணை மூடாமல் எடுப்பார். கெட்டிக்காரர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

லென்ஸைக் கையில் எடுத்ததும் முதலில் தெரிந்தது எடை. அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் கூட. என் மிரர்லெஸ் கேமராவில் மாட்டினால் முன்பக்கம் தொங்காமல் கச்சிதமாக உட்கார்ந்தது. ஜூம் வளையத்தில் இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. போகஸ் சத்தமே போடவில்லை. எதிர்க்கட்டிடத்துக் கொடியில் துணி மாட்டும் கிளிப்பின் கம்பிச்சுருள்வரை துல்லியமாக வந்தது. நான் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேனாம். மனைவி சொன்னாள்: "இப்படி ஒரு நாளாவது என்னத் தூக்கி வச்சுப் பாத்திருக்கீங்களா? உங்களுக்குப் பொண்ணு குடுத்ததுக்குப் பதிலா எங்கப்பா ஒரு லென்ஸு வாங்கிக் குடுத்திருக்கலாம்." எனக்கும் சிரிப்புதான் வந்தது. வீட்டில் அவ்வளவு கலகலப்பான சனிக்கிழமை வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

உங்களுக்குப் புரிவதற்காக ஒன்று சொல்கிறேன். 24 என்ற எண்ணில் வைத்தால் காட்சி அகலம். எதிரில் இருப்பதெல்லாம் உள்ளே வந்துவிடும். 105க்குத் திருகினால் தூரத்தில் இருப்பவர் பக்கத்தில் வந்து நிற்பார். வளையத்தைத் திருகினால் போதும், யாரும் இடத்தைவிட்டு நகர வேண்டாம். இதுதான் ஜூம் லென்ஸின் சௌகரியம். ஜூம் இல்லாத லென்ஸ் என்றால் எடுப்பவரோ நிற்பவரோ நகர்ந்துதான் ஆக வேண்டும்.

சகலை ஜூமைத் தொடவே மாட்டார். ஒரே லென்ஸ், இருபத்தைந்து வருஷம். "கால் எதுக்கு இருக்கு? நடந்து போய் எடு. வளையத்தத் திருகுறவன்லாம் சோம்பேறி" என்பார். இதை எத்தனை வீட்டு விசேஷங்களில், எத்தனை பேர் முன்னால் எனக்குச் சொல்லியிருக்கிறார் என்று கணக்கில்லை. நான் எடுத்த படத்தை யாராவது அவரிடம் காட்டினால், போனில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்ப்பார். பிறகு "நல்ல முயற்சி" என்பார். பன்னிரண்டு வருஷம், அதே இரண்டு சொல். என் மகள் பிறந்த அன்று நான் எடுத்த முதல் படத்துக்கும் அதைத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபத்தை வளர்த்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் எடுத்துப் பார்த்தேன். புதுத் தண்ணீர் டேங்கை மேலே ஏற்றுவதற்காகக் கொத்தனார் பின்பக்கக் கைப்பிடிச் சுவரில் ஓர் ஆள் அகலத்துக்கு இடித்துவைத்திருந்தார். பொறுப்பான மனிதர், யாரும் அந்தப் பக்கம் போய்விடக்கூடாது என்று குறுக்கே மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போயிருந்தார். படத்தில் பின்னால் மஞ்சளாக ஒரு கோடு ஓடினால் கண்ணை உறுத்தும். அவிழ்த்துச் சுருட்டிப் பழைய டேங்குக்குப் பின்னால் வைத்தேன். கயிறு தானாக அறுந்திருக்கலாம் என்று அறிக்கையில் இருக்கிறது. அறுந்துபோகவில்லை. முடிச்சு ரொம்ப இறுக்கம், அவிழ்க்க எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதன் பிறகுதான் சகலைக்குப் போன் போட்டு, "அண்ணே, புது லென்ஸ் வாங்கியிருக்கேன், வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கூப்பிட்டேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு வந்தார். டீ கொடுத்தேன். லென்ஸை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார், கண்ணில்கூட வைத்துப் பார்க்கவில்லை. "சோம்பேறி லென்ஸு" என்றார். டீ கிளாஸை லென்ஸ் வந்த பெட்டியின்மேல் வைத்தார். ஈரத்தில் பெட்டியில் வட்டமாகக் கறை விழுந்துவிட்டது. கிளாஸை எடுத்துத் தள்ளி வைத்தேன். "வெளிச்சம் நல்லா இருக்கு, மேல வாங்கண்ணே, உங்கள வச்சே ஒண்ணு எடுத்துப் பாக்கறேன்" என்றேன். சந்தோஷமாக வந்தார். தன்னைப் படம் எடுக்க ஆளே இல்லை என்பது அவருக்கு ஒரு குறை. ஊர் முழுக்கப் படம் எடுத்தவரிடம் அவர் படம் நாலுகூட இருக்காது.

வெளிச்சம் அருமை. அவரை எனக்கு எதிரே ஆறேழு அடி தூரத்தில், இடித்த இடத்துக்கு நேராக முதுகு காட்டி நிறுத்தினேன். 24ல் முதல் படம் எடுத்தேன். தலைமுதல் செருப்புவரை தாராளமாக வந்தது. வளையத்தில் கை வைத்தேன். அவர் உடனே கையை உயர்த்தினார்.

"அதத் திருகாத பாஸ்போர்ட்டு. ஆள் அடங்கலன்னா சொல்லு, நான் நகர்றேன்."

"தலை கொஞ்சம் கட்டாகுது அண்ணே."

ஒன்றரை அடி பின்னால் போனார். அவர் போக நான் வளையத்தை 30க்குத் திருகினேன். அவர் சிறிதாகவில்லை, பார்த்தீர்களா, அதே அளவில் நின்றார். மறுபடியும் தலை கட்டாகிறது என்றேன். இன்னும் மூன்று அடி போனார், நான் 42க்குப் போனேன். பிறகு 55. பிறகு 68. வளையம் அவ்வளவு இழைவு, அவருக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது. படம் எடுக்கும்போது லென்ஸைத் தவிர எங்கேயும் பார்க்கக்கூடாது என்று அறுபது பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லிச் சொல்லி அவருக்கே அது பழகிவிட்டது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் படம் 85ல் எடுத்தேன். 105வரை போக வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

அடுத்த பிரேமில் வானம் மட்டும் இருந்தது. போகஸ் அலைபாயாமல் தூரத்து மேகத்தில் போய் நின்றுகொண்டது. விலை உயர்ந்த லென்ஸ்களே அந்த இடத்தில் தடுமாறும்.

நீங்கள் வந்தீர்கள், படங்களைப் பார்த்தீர்கள். எல்லாவற்றிலும் அவர் ஒரே அளவில் இருக்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு, தலை கட்டாகிறது என்று அவரிடம் சொன்னேன் என அன்று நான் சொன்னதையும் வைத்து, ஒரே இடத்தில்தான் நின்றிருக்கிறார், கடைசியில் முழு உருவம் அடங்காமல் தடுமாறிப் பின்னால் போயிருக்கிறார் என்று முடிவு கட்டினீர்கள். 'லென்ஸில் முழு உருவம் அடங்காததால்' என்றே எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு படத்தோடும் எந்த எண்ணில் எடுத்தது என்பது பதிவாகும். கேமராவில் அந்தப் பட்டனை அமுக்கிப் பார்க்க உங்கள் ஆட்களுக்குத் தோன்றவில்லை. 24, 30, 42, 55, 68, 85. தலை எந்தப் படத்திலும் கட்டாகவில்லை.

அப்படியே விட்டிருப்பேன். விபத்து என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று, நானும் அழுதேன். அழுகை நிஜம்தான், மேடம், பன்னிரண்டு வருஷப் பழக்கம் இல்லையா. ஆனால் நேற்று மனைவியின் அக்கா என் வீட்டுக்கு வந்தார். முகம் வீங்கிப்போயிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, நீங்க சாப்பிடாம கெடக்குறீங்கன்னு தங்கச்சி சொன்னா. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எல்லாம் அந்தப் பாழாப்போன லென்ஸால வந்தது. ஒரு ஆளு முழுசா அடங்காத லென்ஸ எவன் செஞ்சான்? அத மொதல்ல தூக்கிக் குப்பையில போடுங்க."

என் மனைவியும் தலையாட்டுகிறாள். போன சனிக்கிழமை அதைப் பார்த்துச் சிரித்தவள். ஆள் அடங்காத லென்ஸாம். அவரோடு அந்த மொட்டைமாடி, டேங்க், பக்கத்துக் கட்டிடம் எல்லாமே அடங்கும் லென்ஸ் அது. செய்யாத குற்றத்தை ஒரு பொருள்மேல் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்துவிடலாமா? இரவு சாப்பாடு இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்த பிறகு மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா.

அந்த வரியை அடித்துவிடுங்கள். லென்ஸில் எந்தக் குறையும் இல்லை, நகர வேண்டிய தேவையே இல்லாத மனிதரை நான்தான் நகர்த்தினேன், பின்னால் சுவர் இல்லை என்பது எனக்குத் தெரியும் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டீர்கள். 85ல் அந்தப் படத்தை எடுத்துவிட்டுக் கேமராவைக் கீழே இறக்கினேன். அவர் குதிகால் விளிம்பில் இருந்தது. முகத்தில் வெயில். கையைக் கட்டிக்கொண்டு, போட்டோ பிடிக்கப்படும் எல்லோரையும்போலக் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் ஓர் அபிப்பிராயம் கேட்டார்.

"நீயே சொல்லு, இப்ப சரியா இருக்கா?"

சரியாகத்தான் இருந்தது. என் வாழ்நாளில் நான் எடுத்த ஆகச் சிறந்த படம் அது. கேமராவை மறுபடி கண்ணுக்குக் கொண்டுபோய், "இன்னும் ஒரே ஒரு அடி அண்ணே" என்றேன்.