நான் பூட்டி வைத்த மூடி

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியை யசோதரா அவர்களே! மரம் வெட்டும் தொழிலாளர் சங்கத் தோழர்களே! எண்ணூரிலிருந்தும் முகத்துவாரக்குப்பத்திலிருந்தும் இரண்டு பஸ் மாறி வியாசர்பாடிக்கு வந்திருக்கும் பெரியோர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் உடன்பிறவாத் தங்கை தாயம்மாவே! அனைவருக்கும் இந்தத் தங்கப்பாண்டியின் வணக்கம்.

ராயபுரத்தில் மரம் அறுக்கும் மெஷின் விற்கிறவன் நான், வாடகைக்கும் விடுகிறவன். "அண்ணாச்சி நல்லா பேசுவாரு" என்று நம்பி என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். நான் இன்று நன்றாகப் பேசப் போவதில்லை. தாயம்மாவின் கணவர், நம் சங்கச் செயலாளர் ஜெயவேல் எப்படி இறந்தார் என்பதில் தாயம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இறங்கினால் நான் மனிதனில்லை.

முதலில் அவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு நாள் என் கடையில் ஒருவர் புதுச் செயின் கேட்டு நின்றார். மெஷின் மரத்தில் இறங்கவே மாட்டேன் என்கிறது என்றார். நான் பெட்டியைப் பிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஜெயவேல் சும்மா இருந்தாரா? "தூளு மாவாட்டம் வுயுதா, சுருளு சுருளா வுயுதா?" என்று கேட்டார். மாவு மாதிரி என்றார் அவர். "அப்ப செயின் கெடல நைனா, பல்லு மயுங்கிக்கீது. அரம் போடு, சரியாப் பூடும். புதுசு இன்னாத்துக்கு?" வந்தவர் அரம் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு வந்த கோபத்தை இங்கே சொன்னால் அசிங்கம்.

முகத்துவாரக்குப்பத்துச் சிலுவையம்மாள் அதோ உட்கார்ந்திருக்கிறார். போன வருடப் புயலில் அவர் வீட்டு வாசலில் மரம் விழுந்து பாதையை அடைத்துக்கொண்டது. பாதி அறுக்கும்போது மெஷின் இரைத்து இரைத்து நின்றுவிட்டது. ஜெயவேல் அந்த அம்மாவிடம் கேட்டது என்ன? பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று! காற்று வடிகட்டியைக் கழற்றினார். அடை அடையாக மரத்தூள். தட்டி, தேய்த்து, மாட்டினார். பத்தே நிமிடத்தில் மெஷின் உறுமியது. அந்தப் பிரஷ்ஷை எண்ணெயும் தூளுமாகத் திருப்பிக் கொடுத்ததற்குச் சிலுவையம்மாள் இன்றும் திட்டுகிறார்.

எண்ணெய் வராமல் செயின் ஓடும் தகடு சூடானால் வெள்ளைச் சுவர் பக்கம் முனையைக் காட்டி ஓடவிடு, சுவரில் எண்ணெய்க் கோடு விழவில்லையா, துளை அடைத்திருக்கிறது என்பார். கோணலாக அறுத்தால் ஒரு பக்கத்துப் பல் மட்டும் மழுங்கியிருக்கிறது என்பார். கைவைக்கும் முன் எஞ்சினை நிறுத்து என்று நூறு தடவை சொல்வார். இதையெல்லாம் ஒரு பலகையில் எழுதி என் கடைக்கே தூக்கிவந்தார்! "இத்த மாட்டி வை அண்ணாச்சி. மெஷினோட ஒரு பிளக் ஸ்பேனரும் குடு" என்றார்.

நான் சிரித்தேன். "எல்லாரும் டாக்டராயிட்டா ஆஸ்பத்திரி எதுக்குவே?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பொயல் அடிச்சா ரோடு பூரா மரம் கெடக்கும். உன் கடைக்கு எப்டி வர்றது? எங்க நின்னுச்சோ அங்கியே தொறந்து பாக்கணும்" என்றார். எவ்வளவு நியாயமான பேச்சு! நான் என்ன செய்தேன்? பலகையைக் கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் போட்டேன். வாடகை மெஷின்களில் பிளக்கை மறைக்கும் மூடியில் சாதாரணத் திருகுகளை எடுத்துவிட்டு, என் கடைச் சாவிக்கு மட்டும் திறக்கும் திருகுகளைப் போட்டேன். பெட்டியோடு வந்த ஸ்பேனர்களையும் எடுத்துவைத்துக்கொண்டேன். யாரைத் தடுக்க? ஜெயவேலைத் தடுக்க!

சென்ற மாதம் புயல் கரை கடந்த காலை. இந்தத் தெருமுனையில் தூங்குமூஞ்சி மரம் விழுந்து கிடந்தது. ஜெயவேலும் அவருடைய கூட்டாளி எழிலனும் அறுக்கப் போனார்கள். மரம் உருண்டது. ஜெயவேலின் சொந்த மெஷின் வெட்டுக்குள் சிக்கிக்கொண்டது, அவருடைய ஸ்பேனர் பை மரத்துக்கு அடியில் போய்விட்டது. ஜெயவேலின் தொடைமீது கிளை விழுந்து அழுத்தியது. எழிலன் கையில் இருந்தது என் வாடகை மெஷின்.

அந்தப் பதற்றத்தில் எழிலன் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை உள்ளே தள்ள மறந்து கயிற்றை இழுத்திருக்கிறார். பெட்ரோல் ஏறிப் பிளக் நனைந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை இழுத்தும் பிடிக்கவில்லை. "கயித்தயே இஸ்துகினு நின்னானே, பிளக்க ஏன் கயட்டல?" என்று தாயம்மா கேட்ட கேள்வி இந்தத் தெரு முழுக்கச் சுற்றுகிறது. அந்த வீட்டுப் படியை எழிலன் மிதித்து ஒரு மாதமாகிறது. என் மூடியைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சோக்கை மறந்தவன் தான்தானே என்று தன்னையே நொந்துகொண்டிருக்கிறார்.

தங்கையே, கேள். பிளக்கைக் கழற்றித் துடைத்து, சோக்கைத் திறந்து நாலு தடவை வெறுமனே இழுத்துவிட்டு மாட்ட வேண்டும் என்று எழிலனுக்குத் தெரியாதா? தெரியும். உன் கணவரோடு பத்து வருடம் வேலை செய்தவர். மூடி திறக்கவில்லை! என் திருகு விடவில்லை. எனக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, மூடி வர மாட்டேங்குது, ஒடச்சிரவா? ஜெயவேலு..." என்று தொடங்கினார். அன்று காலை அது எனக்கு வந்த இருபதாவது போனாவது இருக்கும். ஜெயவேல் பெயரைக் கேட்டதும் எரிச்சல் வந்தது. திறக்கச் சொல்லி அவர்தான் தூண்டிவிடுகிறார் என்று நினைத்தேன். "உடைக்காதலே! ஆள் அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லையே!

எழிலன் என் பேச்சைக் கேட்கவில்லை. கல்லால் மூடியை உடைத்தார். உள்ளே பிளக் இருந்தது, கழற்ற ஸ்பேனர் இல்லை. விரலால் திருகிப் பார்த்து நகம் பிய்ந்தது. பிறகு அரிவாளாலும் கைரம்பத்தாலும் கிளையை அறுத்து எடுத்தார்கள். நாற்பது நிமிடம். அவ்வளவு ரத்தம் போன பிறகு ஆஸ்பத்திரி என்ன செய்யும்?

எழிலன் செய்தது இரண்டு நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய தவறு. அதை நாற்பது நிமிடமாக்கியவன் நான். நகம் பிய்ந்த விரலோடு எழிலன் உடைந்த மெஷினைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தபோதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பழி இன்னொருவன் தலையில் இருக்கிறதே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதற்காகத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

இந்த மாபெரும் தோழருக்கு நான் என்ன அஞ்சலி செலுத்த முடியும்? வாடகை மெஷின்களிலிருந்து அந்தத் திருகுகள் அத்தனையையும் நேற்றே கழற்றிவிட்டேன். இனி ஸ்பேனர் கட்டாமல் ஒரு மெஷினும் கடைப்படி இறங்காது. ஜெயவேலின் பலகை கடைவாசலில் தொங்கும். ஞாயிறுதோறும் எண்ணூர், திருவொற்றியூர், வியாசர்பாடி என்று போய், மெஷினைத் திறந்து பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஜெயவேல் ஆசைப்பட்டார். அது நடக்கும். மெஷின்களை நான் சுமந்து வருவேன். ஆனால் சொல்லிக்கொடுக்கும் தகுதி எனக்கில்லை.

அந்தத் தகுதி உள்ளவர் உள்ளே வரத் துணியாமல் வாசலில் சைக்கிள்களுக்கு நடுவே நிற்கிறார். மேடையில் எனக்குப் போட்ட நாற்காலி இதோ காலியாக இருக்கிறது. நான் கூப்பிட்டால் எழிலன் வரமாட்டார், தங்கையே. நீ கூப்பிடு.