பத்து மீட்டர்

மற்றவர் வண்டியை எடுத்தால், நிறுத்தியதும் சாவியை உரியவர் கையில் கொடுத்துவிடுவேன், ஐயா. அது என் பழக்கம். அன்றும் அதைத்தான் செய்தேன். நடந்துகொண்டே சொல்கிறேனே, உட்கார முடியவில்லை. போலீஸ் அறிக்கையில் வண்டியில் கோளாறு என்று எழுதிவிட்டீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

ஹிரோஷிமாவில், கார் கம்பெனியின் எஞ்சின் சோதனை அறையில் தொகுடாவும் நானும் இருபது வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். பிஸ்டன் இல்லாத எஞ்சின் அது. உள்ளே முக்கோணமான ரோட்டார் சுழலும். ஆரம்பத்தில் அதன் முனைகள் உட்சுவரைக் கீறிக்கொண்டே இருந்தன. பிசாசின் நகக்கீறல் என்போம். அதைப் பற்றி நான் எழுதிய குறிப்பு தொகுடாவின் பெயரில் மேலிடத்துக்குப் போனது.

"யார் பேர்ல போனா என்னடா, வண்டி ஓடுதுல்ல?" என்று முதுகில் தட்டினான்.

எழுபத்துமூன்றில் எண்ணெய் விலை ஏறியபோது, பெட்ரோலைக் குடிக்கிற எஞ்சின் என்று எல்லோரும் திட்டினார்கள். எழுபத்தெட்டில் தாழ்ந்த மூக்கும், வேண்டும்போது மட்டும் எழும்பும் விளக்குமாக, அதே எஞ்சினோடு எங்கள் இரண்டு கதவுக் கூபே கார் வந்ததும் அவர்களே வாயைப் பிளந்தார்கள். தொகுடா பச்சையில் ஒன்று வாங்கினான். எனக்கு வயிறு எரிந்தது.

எண்பத்தொன்றில் புத்தாண்டுக்கு மலைமேல் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்தான். பஸ்ஸில் போனேன். மூன்றாம் நாள் காலை, மோச்சி என்கிற அரிசிக்கட்டி போட்ட சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் ஏறி வந்து இறங்க ஒன்றரை மணி நேரம். நாங்களே இறங்கினால் அரை மணி.

"ஹமாசாக்கி-சான், வண்டிய வாசலுக்குக் கொண்டாங்க. நான் இவர கூட்டிட்டு வர்றேன்" என்று என்னிடம் சொன்னாள் அவன் மனைவி மிச்சியோ. அந்தப் பாதையில் ஓட்டிப் பழகியவள் அவள்தான்.

கொட்டகையிலிருந்து வாசல் பத்து மீட்டர். கொண்டுவந்தேன். அணைத்தேன். சாவியை இரண்டு கைகளாலும் கொடுத்தேன்.

எஞ்சின் மறுபடி பிடிக்கவில்லை. இந்த எஞ்சினைக் குளிரில் ஸ்டார்ட் செய்து உடனே அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கி, தீப்பொறி தரும் பிளக் நனைந்துவிடும். 'சூடேறாமல் அணைக்காதே' என்று சோதனை அறைச் சுவரில் ஒட்டியிருந்தோம். கையெழுத்து என்னுடையது.

பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். மொத்தம் நான்கு. வேலையில் அவசரம் எனக்குப் பிடிக்காது.

"ஆம்புலன்ஸுக்கே சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள் மிச்சியோ.

"ரெண்டே நிமிஷம்மா" என்றேன். அப்படி மூன்று முறை சொன்னேன்.

தொகுடா முன் சீட்டிலிருந்து என்னைப் பார்த்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏன்டா அணைச்சே?"

"மறந்துட்டேன்."

"நீயா?" என்றான்.

நான் மறக்கவில்லை, ஐயா. அவன் மூச்சு நின்ற பிறகு நான்காவது பிளக்கை மாட்டினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டுத்தான் அணைத்தேன். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. இது முழுக்க என் வேலை. கீழே என் பெயரைப் போடுங்கள். இந்த முறை என் பெயரை மட்டும்.