சின்னக்குழந்தையின் ஓரணா

அந்தி மயங்குகிற நேரம்... ஜவ்வாது மலையில், துரை பங்களாவுக்குப் போகிற காட்டுப் பாதை. ஆள் நடமாட்டம் இல்லை. ஒருவர் மட்டும் வேகவேகமாக நடக்கிறார். மூடிய கைக்குள் ஒரு ஓரணாக் காசு. அதில் இன்னும் ஈர மஞ்சள் வாசனை...

நடந்தவர் நம்ம கலீலின் அக்கா புருஷன் பாஷா. கலீல் இங்கே இருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். இந்தப் பேச்சை எடுத்தாலே அவன் எழுந்து போய்விடுவான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

பாஷாவுக்கு வாணியம்பாடியில் பழைய சாமான் வியாபாரம். அந்தப் பங்களாவில் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன ஒரு மேஜையை, மனைவி தாஹிராவின் வளையலை அடகு வைத்து வாங்கிவிட்டார். பச்சைத் துணி போர்த்தி, குச்சியால் பந்தை இடித்துக் குழியில் தள்ளி ஆடுவார்களே, அந்த மேஜை. இதில் காசு போட்டால்தான் வயிற்றுக்குள் கிடக்கிற பந்துகள் வெளியே வரும்.

மெட்ராஸ் வியாபாரி பங்களாவுக்கே வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். செய்த கம்பெனியின் தகடு இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைதான் மிச்சம்.

"செஞ்சவன் பேரு தெரிஞ்சா நீங்க சொல்ற வெல. இல்லேன்னா இது வெறும் வெறகு. ஒடச்சுப் பாக்காதீங்க, கீறல் வுழுந்தாலும் எனக்கு வேணாம்."

பங்களா காவல்காரன் ரங்கன்தான் வழி சொன்னான். "பேரு உள்ளயும் கீதுங்க பாய். காசு போட்டா பந்து வர்ற கதவு தொறக்கும். உள்ள பித்தளைல எழுத்து எழும்பி நிக்கும். எனக்குத்தான் படிக்கத் தெரியாது."

ஆனால் அந்தத் துவாரம் பழைய ஓரணாவுக்கு வெட்டியது. அப்போது நயா பைசா வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது, ஓரணா கண்ணில் படுவதே அபூர்வம். புதுப் பத்து பைசாவுக்கும் அதே நெளிநெளி விளிம்புதான். ஆனால் ஒரு சுற்றுப் பெரிது, நுழையவில்லை.

மலையில் தேடியதில் ரங்கனின் அம்மா சின்னக்குழந்தையிடம் மட்டும் ஒன்று இருந்தது. பாஷா ஐந்து ரூபாய் தருகிறேன் என்றார். கிழவி பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

"ஐயே, அது என் நெத்திக்குன்னு எடுத்து வெச்சது சாமி. அந்தாண்ட புதுக் காச எடுப்பாங்களா இன்னா?"

அந்த வாரமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

பாஷா துக்கத்துக்குப் போனார். மஞ்சள் குழைத்த நெற்றியில் அந்த ஓரணா... பாடையைத் தூக்க எல்லோரும் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஷா முகம் பார்ப்பதுபோல் குனிந்தார். நிமிர்ந்தபோது நெற்றியில் பத்து பைசா இருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. ஓரணாவுக்குப் பத்து பைசா, லாபம் கிழவிக்குத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். பாவி மனுஷன்!

பிணத்தைப் புதைத்துவிட்டு எல்லோரும் ஓடையில் குளிக்கப் போனார்கள். பாஷா நேரே பங்களாவுக்கு வந்தார். உள்ளே வௌவால் புழுக்கை நாற்றம். காசைத் துவாரத்தில் போட்டுப் பிடியை இழுத்தார்.

கடக்...

சின்னக் கதவு திறந்தது. ஒரு பந்துகூட உருளவில்லை. தீக்குச்சியைக் கிழித்தார், நமத்துப்போயிருந்தது. சரி, எழுந்து நிற்கிற எழுத்துதானே, தடவியே படித்துவிடலாம் என்று கையை உள்ளே விட்டார்.

பித்தளை இல்லை...

சில்லென்று இருந்தது. ஈரமாக, சுருக்கம் சுருக்கமாக. விரலை இறக்கினார். மயிர்... புருவம். அதற்கு மேலே, நடு நெற்றியில், ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் பட்டதும் அது கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

பத்து பைசா.

உள்ளேயிருந்து மெதுவாக ஒரு மூச்சு. பச்சை மஞ்சள் வாசனை...

பாஷா எப்படி மலையிறங்கினார் என்று அவருக்கே தெரியாது. வழியில் அந்தக் காசை ஓடையில் வீசினார். விடிந்ததும் தாஹிரா அவரை உலுக்கி எழுப்பினாள்.

"இன்னாங்க இது, நெத்தில மஞ்சளு?"

அவர் நடந்ததை ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னார். அதற்குப் பிறகு பேசவே இல்லை. காய்ச்சல் கொதித்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஆள் முடிந்துவிட்டார். தாஹிராவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. வளையலும் போயிற்று, புருஷனும் போனார். மேஜை அந்தப் பங்களாவிலேயே கிடக்கிறது. செய்தவன் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பாஷாவின் மய்யித்தைக் குளிப்பாட்டியவர்களில் கலீலும் ஒருவன். முகத்தை அவன்தான் கழுவித் துடைத்தான். பிறகு வெள்ளைத் துணி சுற்றி முடித்து, தாஹிரா கடைசியாகப் பார்க்க முகத்துணியை விலக்கினார்கள்...

நடு நெற்றியில், மஞ்சளோடு, பத்து பைசா.

அவர்களில் நெற்றிக்குக் காசு வைக்கிற வழக்கமே கிடையாது.