சூடாக இருந்தால் உடையாது

நான் சிரித்தால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தோஷம் வந்தால் எனக்குக் கூடவே விக்கலும் வரும். தண்ணீர் வேண்டாம், தானாக நின்றுவிடும்.

இங்கோல்ஃப் ட்ராட்வைனை எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே தெரியும். மாக்டபுர்க்கில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அவன் தலைவன். கெசீன் லூடெக்கெ ஆகிய நான் அவனுக்கு அடுத்தபடி. மாலிப்டினத்தோடு சிலிக்கானும் கொஞ்சம் போரானும் சேர்த்து, விமான எஞ்சினின் நெருப்பைத் தாங்கும் கலவை செய்வது எங்கள் வேலை. தனி மாலிப்டினம் சூட்டுக்கு அசராது. ஆனால் அந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் புகையாகப் போய்விடும். சிலிக்கானோடு சேர்ந்து சிலிசைடு ஆகிவிட்டால் எரியாது. ஆனால் பீங்கான் தட்டு மாதிரி, கை தவறினால் போச்சு. அதனால் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக வளர்க்க வேண்டும். மாலிப்டினம் அறுபடாத வலை; அதன் கண்களுக்குள் சிலிசைடு. ஓடி வருகிற விரிசல் வலையில் சிக்கி மூச்சு வாங்கி நின்றுவிடும்.

போன வசந்தத்தில் அந்த வலை அமைந்தது. நுண்ணோக்கியின் திரையில் அதைப் பார்த்ததும் அறையைச் சுற்றிச் சுற்றி ஆடினேன். எங்கள் டெக்னீஷியன் ரோனி கதவருகே நின்று பார்த்துவிட்டான்.

"என்ன மேடம், காலையிலேயே ஏத்திட்டீங்களா?"

"இங்க வந்து பாருங்க ரோனி. இப்படி ஒரு அழகைப் பார்த்திருக்கீங்களா?"

"எனக்கு வெட்டி வச்ச ரத்த சாசேஜ் மாதிரி இருக்கு. ஆனா நீங்க சொன்னா அழகுதான்."

ஆய்வுக்கூடக் குவளைகளில் ஷாம்பெய்ன் ஊற்றிக் குடித்தோம். இங்கோல்ஃப்கூட என் கையைப் பிடித்து ஒரு சுற்று ஆடினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் இன்னும் புரியவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் கேன்டீனில் பன்றிக்கால் கறியை வெட்டிக்கொண்டே சொன்னான்:

"கெசீன், இதை முடிச்சுக்கலாம்."

"எதை?"

"கலவையைத்தான். சூட்டுல ராஜா, ஒத்துக்கறேன். ஆறிப்போனா கண்ணாடி. பனி கொட்டுற காலையிலயும் விமானம் கிளம்பணுமே. நொறுங்கக்கூடியது, இதுல யாரும் காலத்தை வீணாக்காதீங்கன்னு மாநாட்டுல சொல்லிடப் போறேன்."

"இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாரேன்."

"நீ அதைக் கட்டிக்கிட்டவ மாதிரி பேசுற. புருஷன் மேல குத்தம் சொன்னா பொண்டாட்டிக்குக் கோபம் வரத்தானே செய்யும்?"

சிரித்துக்கொண்டே தன் புளித்த முட்டைக்கோஸில் பாதியை என் தட்டில் தள்ளினான். நல்ல மனிதன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபமே வரவில்லை. வீட்டுக்குப் போகும் டிராமில் உடம்பு பஞ்சாக மிதந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் என் சிரிப்பைப் பார்த்துத் தானும் சிரித்தார். எனக்குத் தோன்றிய வழி அவ்வளவு சுலபமாக இருந்தது.

மாநாட்டுக்கு முன் கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. கலவையில் செய்த வட்டை நன்றாகச் சூடாக்கி, பிறகு அசுர வேகத்தில் சுழற்ற வேண்டும். உடைந்தால் துண்டுகளைப் பிடிக்க, வட்டு சுழலும் சிறிய அறைக்குள் கனமான இரும்பு வளையம் ஒன்று உண்டு. இங்கோல்ஃபுக்கு அதன் பார்வைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் பிடிக்கும். எத்தனை திட்டினாலும் கேட்கமாட்டான்.

கேக் வாங்கிவர ரோனியை அனுப்பினேன்.

"சூடாயிடுச்சா?" என்று கேட்டான் இங்கோல்ஃப்.

"ஆயிடுச்சு. நீயே பாரேன்."

வெப்பமானி சூடு என்றுதான் காட்டியது. அதன் கம்பியை வேறொரு அடுப்பில் செருகியிருந்தேன். இரும்பு வளையம் என் மேசைக்கடியில் இருந்தது. காலையெல்லாம் அதன்மேல்தான் கால் வைத்துக்கொண்டிருந்தேன். விசையைத் திருப்பினேன். சமையலறையில் தட்டு உடைகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கீழே விழுந்தவனுக்கு இன்னும் நினைவு இருந்தது. "கெசீன்," என்றான். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, சிதறிய துண்டுகளை இடுக்கியால் பொறுக்கினேன். அவன் சட்டையில் இருந்ததையும் எடுத்தேன். நுண்ணோக்கிக்குள் வைத்தால் உள்ளிருக்கும் காற்று வெளியேறச் சற்று நேரமாகும். அதுவரை பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

திரை தெளிந்தது. குளிரிலும் விரிசல் நேராக ஓடவில்லை. ஒவ்வொரு மாலிப்டின இழையிலும் முட்டி, விலகி, தயங்கி வந்திருந்தது. இழைகள் அறுவதற்கு முன் ஒரு மயிரளவு நீண்டிருந்தன. அவனிடம் ஓடினேன்.

"இங்கோல்ஃப், நீ சொன்னது தப்பு. ஆறினாலும் வலை பிடிச்சுப் பார்த்திருக்கு."

பதில் சொல்லவில்லை. எப்போதும் என்னோடு வாதாடுகிறவன். பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வாசலில் ரோனி கேக் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். ஒரு துண்டு வெட்டச் சொன்னேன். ஏனோ அழுதான்.

உடனே கூப்பிட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று மருத்துவர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். அவர் துறையில் நான் தலையிடுவதில்லை.

நீங்கள் தட்டச்சு செய்த என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன். திட்டமிட்டேன், செய்தேன், அவன் சாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். மரணத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'கலவை நொறுங்கியதால்' என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். ஒரு பாவமும் அறியாததன்மேல் பழி போடக் கூடாது.